வரிசையை மாற்றிய நார்வே

சென்ற அத்தியாயத்தை 1988 நவம்பரில், அல்ஜியர்ஸ் நகரில் நிறுத்தியிருந்தோம். கவிஞர் மஹ்மூத் தர்வீஷ் எழுதிய பிரகடனத்தைப் பாலஸ்தீன தேசிய கவுன்சிலின் முன் வாசித்து, பாலஸ்தீன அரசு உருவாகிவிட்டதாக யாசர் அராஃபத் அறிவித்தார். மூன்றே நாட்களில் இந்தியா அங்கீகரித்தது. அரபு நாடுகள், ஆப்பிரிக்க நாடுகள், சோவியத் அணியில் இருந்த நாடுகள் என்று வரிசையாக அங்கீகாரங்கள் வந்தன. மேற்கு ஐரோப்பா மட்டும் அசையவில்லை. 2011இல் ஐஸ்லாந்தும் 2014இல் ஸ்வீடனும் அந்த வேலியைத் தாண்டின. அதன் பிறகு பத்து ஆண்டுகள் அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. 2024 தொடக்கத்தில் உலகில் ஏறத்தாழ 140 நாடுகளின் கணக்கில் பாலஸ்தீனம் ஓர் அரசு. ஆனால் இஸ்ரேலுக்கு ஆயுதம் விற்கவும், கடன் கொடுக்கவும், பாதுகாப்பு சபையில் அதற்காகக் கை உயர்த்தவும் கூடிய நாடுகளின் கணக்கில் அது இன்னும் ஒரு பேச்சுவார்த்தைப் பொருள் மட்டுமே.

2024 மே 22 புதன்கிழமை காலை அந்தக் கணக்கு மாறத் தொடங்கியது. ஓஸ்லோவில் பிரதமர் யோனாஸ் கார் ஸ்டோர், டப்ளினில் அயர்லாந்துப் பிரதமர் சைமன் ஹாரிஸ், மாட்ரிட் நாடாளுமன்றத்தில் ஸ்பெயின் பிரதமர் பெட்ரோ சான்செஸ் ஆகிய மூவரும் ஒரே காலையில் ஒரே முடிவை அறிவித்தார்கள். மே 28 முதல் பாலஸ்தீன அரசை அங்கீகரிக்கிறோம் என்றார்கள். காசாவில் போர் எட்டாவது மாதத்தில் இருந்தது. மூன்று நாடுகளையும் ஒன்றாகச் சேர்த்து எழுதுவதே வழக்கம். இந்த அத்தியாயத்தில் நான் நார்வேயை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அயர்லாந்துக்கும் ஸ்பெயினுக்கும் அது ஒரு நிலைப்பாட்டின் நீட்சி. நார்வேக்கோ அது தன் கையால் கட்டிய ஒரு கட்டடத்தின் அடித்தளத்தை மாற்றும் வேலை. முதலில் பேச்சுவார்த்தை, அதன் முடிவில்தான் அரசு என்ற வரிசையை உலகுக்குக் கொடுத்த ஒப்பந்தத்தின் பெயரே அந்த நாட்டின் தலைநகரின் பெயர். அந்த வரிசை முப்பது ஆண்டுகளில் என்ன செய்தது என்பதை மிக அருகில் நின்று பார்த்த நாடும் அதுதான். போர்க்காலத்தில் அது அங்கீகாரம் கொடுத்ததை உணர்ச்சிவசப்பட்ட முடிவு என்றோ பயங்கரவாதத்துக்குக் கொடுத்த பரிசு என்றோ சொல்பவர்கள், அந்த முப்பது ஆண்டுகளின் ஆவணங்களைப் படிக்க வேண்டும்.

1993 ஜனவரியில், ஓஸ்லோவுக்குத் தெற்கே சார்ப்ஸ்போர்க் ஊரிலுள்ள ஒரு பழைய மாளிகையில் முதல் ரகசியச் சந்திப்பு நடந்தது. இஸ்ரேல் தரப்பில் யாயிர் ஹிர்ஷ்ஃபெல்ட், ரான் புண்டக் என்ற இரண்டு கல்வியாளர்கள். பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் தரப்பில் அதன் நிதிப் பொறுப்பை வகித்த அகமது குரை. ஃபாஃபோ என்ற ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த தெரியே ரோட்-லார்சனும், அவருடைய மனைவியும் வெளியுறவு அதிகாரியுமான மோனா யூலும் ஏற்பாடுகளைக் கவனித்தார்கள். பின்னர் வெளியுறவு அமைச்சர் யோஹான் யோர்கன் ஹோல்ஸ்ட் நேரடியாக இறங்கினார். ஆகஸ்ட் 20 அன்று ஓஸ்லோவில் வரைவு ஒப்புக்கொள்ளப்பட்டது. செப்டம்பர் 13 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் உலகறியக் கையெழுத்தானது. அந்தக் கைகுலுக்கல் படத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்கு நான்கு நாட்கள் முன்பு, செப்டம்பர் 9 தேதியிட்டுப் பரிமாறப்பட்ட கடிதங்களை அவ்வளவு பேர் படித்ததில்லை. இந்த அத்தியாயத்தின் வேர் அந்தக் கடிதங்களில்தான் இருக்கிறது. இஸ்ரேல் அரசு அமைதியோடும் பாதுகாப்போடும் வாழும் உரிமையை ஏற்கிறோம், வன்முறையைக் கைவிடுகிறோம், எங்கள் சாசனத்தில் இதற்கு முரணான பகுதிகள் செல்லாது என்று அராஃபத் எழுதினார். பதிலுக்கு இஸ்ரேல் பிரதமர் இட்சாக் ராபின் எழுதிய கடிதம் மிகச் சிறியது. பாலஸ்தீன மக்களின் பிரதிநிதியாக விடுதலை இயக்கத்தை ஏற்று அதனுடன் பேச்சுவார்த்தை தொடங்குகிறோம் என்பதே அதன் சாரம். ஒரு பக்கம் ஓர் அரசை அங்கீகரித்தது. மறுபக்கம் ஓர் அமைப்பை, பேசுவதற்கு உரிய ஆளாக அங்கீகரித்தது. அராஃபத்தின் கடிதத்தை டூனிஸிலிருந்து ஜெருசலேமுக்கு எடுத்துச் சென்றவர் ஹோல்ஸ்ட். அந்த ஏற்றத்தாழ்வை நார்வே அறியாமல் இருந்திருக்க வழியில்லை.

அந்த ஏற்றத்தாழ்வு தற்காலிகமானது என்பதுதான் அன்றைய நம்பிக்கை. ஒப்பந்தத்தில் பாலஸ்தீன அரசு என்ற பேச்சே இல்லை. ஜெருசலேம், அகதிகள், குடியேற்றங்கள், எல்லைகள், பாதுகாப்பு எல்லாம் இறுதிக்கட்டப் பேச்சுக்குத் தள்ளப்பட்டன. இடைக்காலம் ஐந்து ஆண்டுகள் என்று மட்டும் வரையறுத்தார்கள். பாகப்பிரிவினை வழக்கில், வீட்டில் குடியிருக்கும் பங்காளி மனமொப்பிக் கையெழுத்திடும்வரை மற்றவருக்குப் பங்கே கிடையாது என்று விதித்தால், குடியிருப்பவருக்குக் கையெழுத்திட என்ன அவசரம்? 1999 மே 4 அன்று ஐந்து ஆண்டுகள் முடிந்தன. அன்று அரசை அறிவித்துவிட வேண்டும் என்ற குரல் பாலஸ்தீனர்களிடம் வலுவாக இருந்தது. பொறுத்திருங்கள் என்று ஐரோப்பா கேட்டுக்கொண்டது. அந்த ஆண்டு மார்ச்சில் பெர்லினில் கூடிய ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்கள், உரிய காலத்தில் பாலஸ்தீன அரசை அங்கீகரிப்பது பற்றிப் பரிசீலிக்கத் தயார் என்று அறிக்கை விட்டார்கள். பாலஸ்தீனத் தலைமை தேதியைத் தள்ளிவைத்தது. அந்த உரிய காலம் 2000இல் கேம்ப் டேவிட் பேச்சுவார்த்தையிலும் வரவில்லை. 2001இல் தாபாவிலும், 2007இல் அன்னாபொலிஸிலும் வரவில்லை. ராபின் உயிரோடு இருந்திருந்தால் கதை மாறியிருக்கும் என்று சொல்வார்கள். நானும் அதை முற்றாக மறுக்கமாட்டேன். ஆனால் தான் கொல்லப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு, 1995 அக்டோபரில் இஸ்ரேல் நாடாளுமன்றமான நெசெட்டில் பேசிய ராபினே, பாலஸ்தீனர்களுக்கு அமையப்போவது அரசுக்குக் குறைவான ஒன்று என்றுதான் சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நார்வே இந்த விவகாரத்தில் பாலஸ்தீனர் பக்கம் சாய்ந்து வளர்ந்த நாடு அல்ல. 1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பிரிவினைத் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்த 33 நாடுகளில் அதுவும் ஒன்று, அப்போதைய ஐ.நா. பொதுச்செயலாளர் திரிக்வே லீ ஒரு நார்வேக்காரர். நார்வே தொழிற்கட்சிக்கும் இஸ்ரேலியத் தொழிலாளர் இயக்கத்துக்கும் உடன்பிறப்புகள் போன்ற நெருக்கம் இருந்தது. இஸ்ரேலின் அணு உலைக்கு 1959இல் 20 டன் கனநீர் விற்கும் அளவுக்கு அந்த நெருக்கம் சென்றது. பார்வை மாறத் தொடங்கியது 1978க்குப் பிறகுதான். அந்த ஆண்டு முதல் இருபது ஆண்டுகள் தெற்கு லெபனானில் ஐ.நா. அமைதிப் படையில் ஆயிரக்கணக்கான நார்வே இளைஞர்கள் பணியாற்றினார்கள். அவர்கள் கண்ணால் கண்டதை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு தரப்பும் நம்பிப் பேசக்கூடிய நாடு என்ற பெயர் நார்வேக்கு வாய்த்தது இந்த இரட்டை அனுபவத்தால்தான். அந்தப் பெயரை அது கண்ணும் கருத்துமாகக் காத்தது. 1993இல் தொடங்கிய நன்கொடை நாடுகளின் ஒருங்கிணைப்புக் குழுவுக்கு நார்வேயே தலைமை வகித்தது. 1997 முதல் ஹெப்ரான் நகரில் இருந்த சர்வதேசக் கண்காணிப்புக் குழுவையும் அதுவே நடத்தியது. 2019 ஜனவரியில் அந்தக் குழுவின் காலத்தை நீட்டிக்க மறுத்து அதை வெளியேற்றியவர் அன்றைய இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு.

என் வாதத்துக்கு மிக முக்கியமான ஆண்டு 2011. பாலஸ்தீனர்களுக்கு ஏன் இன்னும் அரசு இல்லை என்று கேட்டால், அவர்களிடம் அரசை நடத்தும் நிறுவனங்கள் இல்லை என்பதுதான் மேற்கின் நிரந்தரப் பதிலாக இருந்தது. அந்தப் பதிலை நேருக்கு நேர் எதிர்கொள்ள, 2009 ஆகஸ்டில் பாலஸ்தீனப் பிரதமர் சலாம் ஃபய்யாத் இரண்டாண்டுத் திட்டம் ஒன்றை வெளியிட்டார். வரி வசூல், வரவுசெலவு ஒழுங்கு, காவல்துறை, நீதிமன்றம், பள்ளி, மருத்துவமனை எல்லாவற்றையும் ஓர் அரசின் தரத்துக்குக் கொண்டுவருவது. பிறகு உலகத்திடம் தீர்ப்புக் கேட்பது. 2011 ஏப்ரலில் பிரஸ்ஸல்ஸில் நன்கொடை நாடுகளின் குழு கூடியபோது உலக வங்கி, சர்வதேச நாணய நிதியம், ஐ.நா. மூன்றும் தங்கள் மதிப்பீடுகளை முன்வைத்தன. முக்கியத் துறைகளில் பாலஸ்தீன நிர்வாகம் ஓர் அரசாக இயங்கத் தேவையான அளவை எட்டிவிட்டது என்பதே அவற்றின் முடிவு. அந்த முடிவைக் குழுவின் சார்பில் ஏற்று அறிவித்த தலைவர், அன்றைய நார்வே வெளியுறவு அமைச்சர் யோனாஸ் கார் ஸ்டோர். பதின்மூன்று ஆண்டுகள் கழித்துப் பிரதமராக அங்கீகாரத்தை அறிவித்த அதே ஸ்டோர்தான். தேர்வு வைத்தார்கள், எழுதினார்கள், தேறினார்கள். சான்றிதழ் மட்டும் தரப்படவில்லை. 2011 செப்டம்பரில் ஐ.நா.வில் முழு உறுப்பினர் தகுதி கேட்டு பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸ் கொடுத்த விண்ணப்பம் பாதுகாப்பு சபையில் முடங்கியது. 2012 நவம்பரில் பொதுச்சபை, உறுப்பினரல்லாத பார்வையாளர் அரசு என்ற தகுதியை 138 வாக்குகளோடு கொடுத்தது. நார்வே அதற்கு ஆதரவாக வாக்களித்தது. ஆனால் தானாக அங்கீகரிக்க அப்போதும் முன்வரவில்லை. பேச்சுவார்த்தை வழியாகவே அரசு வர வேண்டும் என்ற வரிசையை அது இன்னும் நம்பியது. ஃபய்யாத் 2013இல் பதவி விலகினார். ஒழுங்காக நிர்வாகம் நடத்திக் காட்டினால் நாடு கிடைக்கும் என்று தன் மக்களிடம் வாதிட்ட ஒருவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனது, ஆயுதம்தான் வழி என்று சொன்னவர்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி முயன்று நடத்திய பேச்சுவார்த்தை 2014 ஏப்ரலில் முறிந்தது. அதற்குப் பிறகு இரண்டு தரப்புக்கும் இடையே அரசியல் பேச்சுவார்த்தை என்று சொல்லத்தக்க எதுவுமே நடக்கவில்லை. ஓஸ்லோ கையெழுத்தானபோது, கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக, மேற்குக் கரையில் சுமார் 1,10,000 இஸ்ரேலியக் குடியேறிகள் இருந்தார்கள். முப்பதாண்டு நிறைவின்போது அந்த எண்ணிக்கை சுமார் 5,00,000. எந்த நிலத்தில் அரசு அமைப்பது என்று பேச வேண்டுமோ அந்த நிலமே பேச்சு நடக்காத காலத்தில் கரைந்துகொண்டிருந்தது. 2024 பிப்ரவரியில், வெளியிலிருந்து ஒருதலையாக வரும் எந்த அங்கீகாரத்தையும் ஏற்கமாட்டோம் என்ற அரசின் அறிவிப்பை நெசெட் 99 வாக்குகளோடு ஆதரித்தது. அதே ஆண்டு ஜூலையில் இன்னும் ஒரு படி மேலே போய், ஜோர்டான் நதிக்கு மேற்கே பாலஸ்தீன அரசு அமைவதையே எதிர்க்கும் தீர்மானத்தை 68க்கு 9 என்ற கணக்கில் நிறைவேற்றியது. பேச்சுவார்த்தையின் முடிவில்தான் அங்கீகாரம் என்ற கொள்கை, பேச்சுவார்த்தை நடக்கும், அதன் முடிவில் அரசுக்கு இடம் உண்டு என்ற இரண்டு ஊகங்களின் மேல் நின்றது. முதலாவது 2014இல் விழுந்தது. இரண்டாவதை இஸ்ரேலிய நாடாளுமன்றமே எழுத்தில் மறுத்தது.

இந்தப் பின்னணியில்தான் 2023 அக்டோபர் 7 வருகிறது. ஹமாஸும் அதன் கூட்டாளிகளும் சுமார் 1,200 பேரைக் கொன்று, 250 பேர் அளவில் பிணைக்கைதிகளாகப் பிடித்துச் சென்ற அந்த நாளை எந்த அரசியல் காரணமும் நியாயப்படுத்தாது. நார்வே அரசும் அதைத் தயக்கமின்றிக் கண்டித்தது. தொடர்ந்து வந்த போரில், 2024 மே இறுதிக்குள் காசாவில் இறந்தவர்கள் தொகை அங்கிருந்த சுகாதார அமைச்சகத்தின் கணக்குப்படி 36,000ஐ எட்டியது. 2023 நவம்பரிலேயே நார்வே நாடாளுமன்றமான ஸ்டோர்டிங்கில் இது விவாதத்துக்கு வந்தது. உடனே அங்கீகரியுங்கள் என்று இடதுசாரிக் கட்சிகள் கேட்டன. நிறைவேறிய தீர்மானம் நிதானமானது: அமைதி முயற்சிக்கு உதவும் தருணத்தில், இறுதி ஒப்பந்தத்துக்காகக் காத்திராமல், அங்கீகரிக்க அரசு தயாராக இருக்க வேண்டும். வரிசை முதலில் மாறியது இந்த வாசகத்தில்தான். 2024 மே மாதம் அதன் அமலாக்கம். ஏப்ரல் 18 அன்று பாதுகாப்பு சபையில் பாலஸ்தீனத்தின் முழு உறுப்பினர் தகுதியை 12 நாடுகள் ஆதரித்தும் அமெரிக்கா வீட்டோவால் தடுத்தது. மே 10 அன்று பொதுச்சபையில் 143 நாடுகள் அதே கோரிக்கையை ஆதரித்தன. மே 20 அன்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்கறிஞர் இரு தரப்புத் தலைவர்கள்மீதும் பிடியாணை கேட்டார். மே 24 அன்று ரஃபா தாக்குதலை நிறுத்துமாறு சர்வதேச நீதிமன்றம் உத்தரவிட்டது. மே 26 அன்று பிரஸ்ஸல்ஸில், வெளியுறவு அமைச்சர் எஸ்பென் பார்த் ஐடே அங்கீகாரக் குறிப்பைப் பாலஸ்தீனப் பிரதமர் முகமது முஸ்தஃபாவின் கையில் கொடுத்தார். அன்று இரவே ரஃபாவில் இடம்பெயர்ந்தோர் கூடாரங்கள்மீது குண்டு விழுந்து பத்துக்கணக்கானோர் தீயில் மாண்டார்கள்.

பயங்கரவாதத்துக்குப் பரிசு என்பதுதான் முதல் எதிர்வாதம். நெதன்யாகு அந்தச் சொற்களைத்தான் பயன்படுத்தினார். அவருடைய வெளியுறவு அமைச்சர் இஸ்ரேல் காட்ஸ் மூன்று நாடுகளின் தூதர்களையும் வரவழைத்து, அக்டோபர் 7 அன்று பெண் சிப்பாய்கள் கடத்தப்பட்ட காணொளியைப் பார்க்க வைத்தார். அந்தக் குடும்பங்களின் வேதனைக்கு முன் எந்த வாதமும் கூசித்தான் நிற்கும். ஹமாஸும் அறிவிப்பை வரவேற்றது என்பதை மறைக்கவும் கூடாது. ஆனால் பரிசு யார் கைக்குப் போனது, அதில் என்ன எழுதியிருந்தது என்று பார்ப்போம். அதைப் பெற்றுக்கொண்ட முஸ்தஃபாவை மார்ச் மாதம் அப்பாஸ் பிரதமராக நியமித்தபோது வெளிப்படையாக எதிர்த்தது ஹமாஸ். நார்வே அங்கீகரித்த அரசின் எல்லை 1967 ஜூன் 4க்கு முந்தைய கோட்டை அடிப்படையாகக் கொண்டது. அதாவது, பிரிட்டிஷ் ஆணைக்காலப் பாலஸ்தீனத்தின் முக்கால் பங்குக்கும் மேலான நிலம் இஸ்ரேலுடையது என்பதை அந்தக் காகிதமே உறுதி செய்கிறது. இஸ்ரேலின் இருப்பையே ஏற்காத இயக்கத்துக்கு இது பரிசு ஆகாது. அதன் கொள்கைக்கு மறுப்பு. மிதவாதிகளின் கையை வலுப்படுத்தவே இதைச் செய்கிறோம் என்று ஸ்டோர் விளக்கினார். ஃபய்யாத்தின் கதையைத் தெரிந்தவர்களுக்கு அந்த விளக்கம் சம்பிரதாயமாகத் தோன்றாது. இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. அமைதி நிலவிய ஆண்டுகளில் இப்போது என்ன அவசரம் என்றார்கள். பேச்சு நடந்த ஆண்டுகளில் பேச்சைக் கெடுக்காதீர்கள் என்றார்கள். போர் வந்தபின் போருக்குப் பரிசளிக்காதீர்கள் என்கிறார்கள். இந்த மூன்றையும் ஏற்றுக்கொண்டால் அங்கீகரிக்கத் தகுந்த தேதி நாட்காட்டியில் எங்கே இருக்கிறது?

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கனமானது. அதற்கு நார்வேயின் சொந்த வரலாறே சாட்சி சொல்ல வருகிறது. 1905 ஜூன் 7 அன்று ஸ்வீடனுடனான ஒன்றியம் முடிந்தது என்று ஸ்டோர்டிங் தன்னிச்சையாக அறிவித்தது. ஸ்வீடன் அதை ஏற்கவில்லை. ஐரோப்பிய வல்லரசுகளும் உடனே அங்கீகரிக்கவில்லை. ஸ்வீடன் சம்மதிக்கட்டும் என்று காத்திருந்தன. ஸ்வீடனின் கோரிக்கைப்படி ஆகஸ்ட் 13 அன்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. பிரிவுக்கு ஆதரவாக 3,68,208 வாக்குகள், எதிராக 184. எல்லையில் இரண்டு பக்கமும் படைகள் திரண்டு நின்றபோதே கார்ல்ஸ்டாட் நகரில் பேச்சு நடந்து, எல்லைக் கோட்டைகளை இடிக்கவும் நார்வே ஒப்புக்கொண்டு, செப்டம்பர் 23 அன்று உடன்பாடு வந்தது. அக்டோபர் 26 அன்று ஸ்வீடன் அங்கீகரித்தது. அதன் பின்னர்தான் மற்ற நாடுகள் வந்தன. மறுதரப்பின் சம்மதத்தோடு பிறந்த அரசு என்பதால்தான் அது நிலைத்தது. அப்படியிருக்க, தனக்குப் பொருந்திய முறையைப் பாலஸ்தீனத்துக்கு நார்வே ஏன் மறுக்கிறது என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் ஸ்வீடன் நான்கரை மாதத்தில் பதில் சொன்னது. தான் விதித்த நிபந்தனை நிறைவேறியதும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. அதற்கிடையில் நார்வே மண்ணில் தன் மக்களைக் குடியேற்றவில்லை. நார்வேயின் சுங்கவரியைத் தன் கஜானாவில் பிடித்து வைக்கவில்லை. 1905 கோடையில் நார்வேக்குத் தன் நிலத்தின்மீதும், அரசின்மீதும், படையின்மீதும் முழுக் கட்டுப்பாடு இருந்தது. காத்திருப்பதால் அது எதையும் இழக்கவில்லை. பாலஸ்தீனர்கள் காத்திருந்த ஒவ்வோர் ஆண்டும் நிலத்தை இழந்தார்கள். சம்மதம் கேட்பது நியாயமாவது, கேட்கப்படுபவர் ஒரு நியாயமான காலத்துக்குள் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லக் கடமைப்பட்டிருக்கும்போதுதான். 1905 காட்டும் பாடத்தை நான் இப்படித்தான் படிக்கிறேன்: அது வரிசைக்கான ஆதாரத்தைவிடக் காலக்கெடுவுக்கான ஆதாரம்.

எல்லை தீராத, நிலம் முழுதும் கையில் இல்லாத, காசாவில் ஒருவரும் மேற்குக் கரையின் ராமல்லாவில் ஒருவரும் ஆளும் ஒன்றை எப்படி அரசு என்பது என்று சட்டம் படித்தவர்கள் கேட்பார்கள். 1933இன் மான்டிவிடியோ உடன்படிக்கை மக்கள், நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன் என நான்கு தகுதிகளைச் சொல்கிறது. அவற்றை இம்மி பிசகாமல் அளந்தால் பாலஸ்தீனம் சில இடங்களில் தடுமாறும்; மறுக்கவில்லை. ஆனால் 1948 மே 14 அன்று அறிவிக்கப்பட்ட இஸ்ரேலுக்கும் எல்லை வரையப்பட்டிருக்கவில்லை. மறுநாளே அண்டை நாடுகளோடு போர் தொடங்கியது. தனக்குக் கட்டுப்படாத ஆயுதக் குழுவான இர்குனோடு இஸ்ரேலின் முதல் பிரதமர் பென்-குரியனின் படை ஜூன் மாதத்தில் துப்பாக்கிச் சண்டையே நடத்தியது. ஆனாலும் அமெரிக்க அதிபர் ட்ரூமன் 11 நிமிடங்களில் அங்கீகரித்தார். சோவியத் ஒன்றியம் மூன்று நாட்களில் அங்கீகரித்தது. அந்த அங்கீகாரங்கள் தவறு என்று நான் சொல்லவில்லை. போரின் நடுவே, எல்லை தெளியாதபோது, ஓர் அரசை அங்கீகரிக்கலாம் என்ற முன்னுதாரணத்தை உருவாக்கியதே இஸ்ரேலின் பிறப்புதான் என்று மட்டும் சொல்கிறேன். பாலஸ்தீன நிர்வாகத்தின் குறைகளுக்கு வேறு விசாரணை தேவை. 2006க்குப் பிறகு நாடாளுமன்றத் தேர்தலே நடத்தாத அப்பாஸின் ஆட்சியை இந்தத் தொடரில் முன்பே கடுமையாக எழுதியிருக்கிறோம். அதில் ஒரு வரியையும் திரும்பப் பெற வேண்டியதில்லை. ஆனால் ஆட்சியாளரின் குறைக்காக ஒரு மக்களின் அரசுரிமையையே நிறுத்தி வைக்கும் வழக்கம் வேறெந்த நாட்டுக்கும் இல்லை.

கடைசியாக ஓர் எதிர்வாதம் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. பிணங்கள் விழுந்துகொண்டிருக்கும்போது காகிதம் எதற்கு, ஆயுதத்தையும் பணத்தையும் நிறுத்துங்கள் என்கிறது அது. இதன் கோபம் நியாயமானது. மே 28க்குப் பிறகு காசாவில் ஒரு குண்டும் குறையவில்லை. அங்கீகாரத்தோடு கடமை முடிந்தது என்று கைகழுவும் அரசுகளும் உண்டு. நார்வேயின் விஷயத்தில் அந்தக் காகிதத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். 2024 ஜனவரியில் பல மேற்கு நாடுகள் பாலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. முகமைக்கு நிதியை நிறுத்தியபோது நார்வே நிறுத்தவில்லை. அந்த முகமையை இஸ்ரேல் சட்டம் போட்டு முடக்கியபோது, இது செல்லுமா என்று சர்வதேச நீதிமன்றத்தைக் கேட்கும் பொதுச்சபைத் தீர்மானத்தை டிசம்பரில் முன்னின்று கொண்டுவந்தது. அதன் எண்ணெய்ப் பண முதலீட்டு நிதியம் 2024 இறுதியில் பெசெக் தொலைத்தொடர்பு நிறுவனத்திலிருந்தும், 2025 ஆகஸ்டில் கேட்டர்பில்லரிலிருந்தும் ஐந்து இஸ்ரேலிய வங்கிகளிலிருந்தும் விலகியது. இவை போதுமா? போதாது. அந்த நிதியம் இன்னும் பல இஸ்ரேலிய நிறுவனங்களில் பங்கு வைத்திருந்தது என்று நார்வேக்குள்ளேயே கேள்வி எழுந்தது, எழ வேண்டியதுதான். ஆனாலும் 1967 கோட்டுக்கு அப்பால் இருப்பது இன்னொரு நாட்டின் மண் என்று ஓர் அரசு எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த மண்ணில் கட்டும் வீட்டுக்குக் கடன் கொடுக்கும் வங்கியில் பங்கு வைத்திருப்பதற்கு அதனால் எளிதில் சமாதானம் சொல்ல முடியாது. காகிதத்தின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

அந்தக் காகிதத்துக்கு நார்வே விலையும் கொடுத்தது. பாலஸ்தீனர்களின் இறக்குமதி வரியை இஸ்ரேல் வசூலித்து மாதந்தோறும் ஒப்படைப்பது 1994 பாரிஸ் உடன்பாட்டின் ஏற்பாடு. போரின்போது காசாவுக்கான பங்கை இஸ்ரேல் தர மறுத்ததால், அந்தப் பணத்தை நார்வேயிடம் வைப்பாக ஒப்படைப்பது என்று 2024 தொடக்கத்தில் ஓர் இடைவழி காணப்பட்டிருந்தது. அங்கீகார அறிவிப்பு வந்த அன்றே அந்த ஏற்பாட்டை முடித்துக்கொள்ளப்போவதாக இஸ்ரேல் நிதியமைச்சர் பெத்சலேல் ஸ்மோட்ரிச் அறிவித்தார். ஆகஸ்ட் 8 அன்று, பாலஸ்தீன நிர்வாகத்தோடு தொடர்பில் இருந்த எட்டு நார்வே அதிகாரிகளின் தூதரகத் தகுதியை இஸ்ரேல் ரத்து செய்தது. சொன்ன காரணங்களில் அங்கீகாரமும் இருந்தது. ஜெருசலேமுக்கும் ராமல்லாவுக்கும் இடையே அல்-ராம் ஊரில் இருந்த அலுவலகத்தை நார்வே மூட வேண்டியதாயிற்று. நடுவர் தன் நாற்காலியைத் தானே உடைத்துக்கொண்டார் என்று நார்வேயின் எதிர்க்கட்சிகளும் சொல்லின. பத்து ஆண்டுகளாகப் பேச்சே நடக்காத மேசையில் நடுவர் நாற்காலிக்கு என்ன மதிப்பு என்பதே என் பதில். ஹெப்ரானிலிருந்து நார்வேயின் குழு வெளியேற்றப்பட்டது அங்கீகாரத்துக்கு ஐந்து ஆண்டுகள் முன்பு. அப்போது அது எந்தக் குற்றமும் செய்திருக்கவில்லை.

மே 28க்கு ஒரு வாரத்தில் ஸ்லோவேனியாவும் ஜூன் மூன்றாம் வாரத்தில் ஆர்மீனியாவும் சேர்ந்தன. ஜூலை 19 அன்று, 1967இல் பிடித்த நிலத்தில் இஸ்ரேல் தொடர்ந்து இருப்பதே சட்டவிரோதம் என்று சர்வதேச நீதிமன்றம் ஆலோசனைத் தீர்ப்பு வழங்கியது. மே 10 தீர்மானத்தின்படி செப்டம்பர் 10 அன்று பொதுச்சபையில் பாலஸ்தீனத் தூதர் ரியாத் மன்சூர் உறுப்பு நாடுகளின் அகர வரிசையில் இடம் பெற்றார். ஒரு பக்கம் இலங்கை, மறுபக்கம் சூடான். பெரிய நாடுகள் அசைய இன்னும் ஓராண்டு ஆனது. 2025 செப்டம்பர் 21 அன்று பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, போர்ச்சுகல் நான்கும், மறுநாள் நியூயார்க்கில் பிரான்சும் அங்கீகரித்தன. இவற்றில் பிரிட்டன் தேர்ந்த வழி நார்வேயின் வழிக்கு நேர் எதிரானது. இஸ்ரேல் போரை நிறுத்தி இரு நாட்டுத் தீர்வுக்கு உறுதி கொடுக்காவிட்டால் அங்கீகரிப்போம் என்று ஜூலையில் அன்றைய பிரதமர் கியர் ஸ்டார்மர் நிபந்தனை வைத்தார். இஸ்ரேல் இணங்கியிருந்தால் பாலஸ்தீனர்களுக்கு அங்கீகாரம் கிடைக்காமலே போயிருக்கும் என்பது அதன் பொருள். பாலஸ்தீனர்களின் உரிமை மீண்டும் இஸ்ரேலின் நடத்தையோடு முடிச்சுப் போடப்பட்டது. 1993இன் கடிதங்களில் இருந்த அதே முடிச்சு. அந்த நிலத்தை 1917 முதல் 1948 வரை ஆண்ட நாடு, 77 ஆண்டுகளுக்குப் பிறகும் ஏன் அதை அவிழ்க்கத் தயங்கியது என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.